ஜான்சிக்காகச் சொன்ன பொய்

என் பேரு மங்கலம். மஞ்சக்குப்பத்துல ரவிக்க தைக்கிற மங்கலம்னா தெரியும், வாய்க்காரி மங்கலம்னா இன்னும் நல்லாவே தெரியும். கிட்னி ரெண்டும் கைய விரிச்சிடுச்சு. திங்கக்கெழம, வியாழக்கெழம ரெண்டு நாளும் கடலூர்ல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்துக் கெடப்பேன். ஒரு குழாயில ரத்தத்த எடுத்து, சுத்தம் பண்ணி, இன்னொரு குழாயில திருப்பி வுடும். அது முடியறதுக்குள்ள நாலு மணி நேரம் ஆயிடும். கைய அசைக்கக் கூடாது, ஆனா வாய அசைக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லல. இப்ப நான் சொல்லப் போறது என்னப் பத்தி இல்ல, எங்க ஜான்சி சிஸ்டரப் பத்தி. நடுநடுவுல நானும் வருவேன், பொறுத்துக்குங்க.

அவளுக்கு முன்னாடி இருந்த பொண்ணு என் கையில ஊசி போட்டா, தப்பாப் போட்டா, திரும்பப் போட்டா. நான் திட்டுன திட்டுல அது அழுதுகிட்டே வெளிய ஓடிடுச்சு. அப்பறம்தான் ஜான்சி வந்தா. ஒல்லியா, கறுப்பா, நெத்தி ஏறின பொண்ணு. கட்டவிரல வச்சி என் நரம்பத் தடவிப் பாத்துட்டுச் சொன்னா, "அக்கா, திட்டுறதா இருந்தா இப்பவே திட்டி முடிச்சிடுங்க. குத்தும்போது திட்டுனா எனக்குக் கை ஆடும்." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சி முடிக்கிறதுக்குள்ள ஊசி உள்ள போயி பிளாஸ்திரியும் ஒட்டியாச்சு. அன்னையிலேர்ந்து அவதான் எனக்குக் குத்தணும். அவ லீவு போட்டா எனக்குக் காய்ச்சல் வரும்.

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் காலனிப் பொண்ணு. அவுங்க அப்பா ராஜவேலு சிப்காட்ல லோடு எறக்குற வேல. அம்மா பொன்னி முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போவாங்க, அந்தப் பாலு பட்டு வெரலெல்லாம் கறுத்துக் கெடக்கும். ஞாயித்துக்கெழம சர்ச்சுல அந்தக் கைய முந்தானைக்குள்ள மறைச்சிக்கிட்டு நிப்பாங்களாம். மவ நர்சு படிச்சி மொத சம்பளம் வாங்கின பெறவு கொட்ட ஒடைக்கப் போவ வுடல. ஆனா அதோட அவ நிறுத்தினாளா? டிப்ளமோ முடிச்சவ வேலையில இருந்துகிட்டே டிகிரி படிச்சா, அப்பறம் சிதம்பரத்துல மேல்படிப்புக்குச் சேந்தா. பஸ்ல நின்னுக்கிட்டே படிப்பா. "இன்னாத்துக்குடி இம்மாம் படிப்பு, நீ என்ன டாக்டரா ஆவப் போற?"ன்னு கேட்டேன். "டாக்டருக்குத் தெரியாத ஒண்ணு நர்சுக்குத்தான் தெரியணும்க்கா. நாலு மணி நேரமும் உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"ன்னா.

சிதம்பரம் நர்சிங் காலேஜுல அவளுக்குப் பாடம் எடுத்தவுங்கதான் லலிதாம்பிகை மேடம். கோயிலச் சுத்தியிருக்கிற தெருவுல வீடு. நல்ல செவப்பு, மூக்குக் கண்ணாடி, வார்த்தைய அளந்துதான் பேசுவாங்க. ஒரு நாளு கிளாசுல ஜான்சி எந்திரிச்சிக் கேட்டிருக்கா, "மேடம், ஒரே மெஷின், ஒரே நேரம், ஒரே மாத்திர. ஒருத்தர் எறங்கினதும் மார்க்கெட்டுக்குப் போறாரு, இன்னொருத்தர் ரெண்டு நாளு சுருண்டு படுத்துடுறாரு. ஒருத்தருக்கு ஒடம்பெல்லாம் அரிக்குது, ஒருத்தருக்கு அரிப்பே இல்ல. ஏன்?" மேடம் சாக்பீசக் கீழ வச்சிட்டு, "கிளாஸ் முடிஞ்சதும் என்ன வந்து பாரு"ன்னாங்களாம். அப்பறம் ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. மேடம் டப்பாவுல வெங்காயம் கூட இருக்காது, இவ டப்பாவத் தொறந்தா கருவாட்டு வாசன ஊரக் கூட்டும். ரெண்டும் ஒரே மேசையில ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டே ஆராய்ச்சிக்குத் திட்டம் போட்டாங்க.

ஆராய்ச்சின்னா பெரிசா ஒண்ணியும் இல்ல. கடலூர் ஆஸ்பத்திரியில ஜான்சியும், சிதம்பரத்துல மேடமும், ஒவ்வொரு நோயாளிகிட்டயும் டயாலிசிசுக்கு முன்னாடி கேப்பாங்க. அரிப்பு எவ்வளவு, அசதி எவ்வளவு, கால் பிடிப்பு, தூக்கம், மூச்சு. ஜீரோவுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் சொல்லணும். அப்பப்ப கொஞ்சம் ரத்தம் எடுத்து சிதம்பரத்துக்கு அனுப்புவாங்க. ரத்தம் சொல்றதையும் மனுசன் சொல்றதையும் ஒண்ணா வச்சிப் பாத்து, யாரு ஒடம்புக்கு எது ஒத்து வரும்னு கண்டுபிடிக்கணும். ஜான்சி இத எனக்கு வெளக்கினப்ப, "இதத்தான நான் கடையில பண்றேன்? எல்லாருக்கும் ஒரே அளவுல ரவிக்க தச்சா எவ போடுவா?"ன்னு கேட்டேன். "அதேதாங்க்கா, ஆஸ்பத்திரியில இப்ப எல்லாருக்கும் ஒரே அளவுதான் தச்சிக்கிட்டிருக்கோம்"ன்னா. அந்த வார்த்தைய மேடத்துகிட்டயும் போயி சொல்லியிருக்கா, என் பேரோட. எனக்கு அன்னைக்கெல்லாம் தல கனம்.

நானும் ஒழுங்கா நம்பர் சொன்னேன். அரிப்பு எட்டு. அசதி ஒம்போது. கால் பிடிப்பு பத்து, பதினொண்ணு இருந்தா அதையும் போட்டுக்கன்னேன். ஜான்சி சிரிச்சிக்கிட்டே கையில இருக்கிற டேப்ல தட்டிப் பதிஞ்சிக்குவா. அவ ஒவ்வொருத்தர்கிட்டயும் ஸ்டூலப் போட்டு ஒக்காந்து, திரைய இழுத்து வுட்டுட்டு, காதுகிட்ட மெதுவாத்தான் கேப்பா. அதனால மத்தவுங்க இன்னா சொல்றாங்கன்னு எனக்குக் கேக்காது. கேக்கலியேன்னு எனக்கு வருத்தம்தான்.

இப்படி ஒரு வருசம் ஓடிச்சு. ஒரு திங்கக்கெழம லலிதாம்பிகை மேடம் ரயில்ல வந்து எறங்கினாங்க. மொகமே செரியில்ல. என் படுக்கைக்குப் பக்கத்துல ஜன்னலோரம் ஜான்சியக் கூப்பிட்டு வச்சிப் பேசினாங்க. மெதுவாத்தான் பேசினாங்க, ஆனா எங்காது அப்படி.

"ஜான்சி, நீ அனுப்புன கடலூர்க் கணக்குல எல்லாருக்கும் அரிப்பு ஜீரோ, பிடிப்பு ஜீரோ, அசதி ஜீரோ. ரத்தத்தப் பாத்தா பாஸ்பரஸ் ஏறிக் கெடக்கு. இந்த ரத்தத்த வச்சிக்கிட்டு ஒரு மனுசன் நிம்மதியாத் தூங்க முடியாது. ஒரே ஒருத்தங்க மட்டும்தான் ரத்தத்தோட ஒத்துப் போறாங்க."

"யாரு மேடம்?"

"மங்கலம்."

எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சு, படுத்துக்கிட்டே முந்தானைய இழுத்து வுட்டுக்கிட்டேன். ஆனா மேடம் அடுத்துச் சொன்னதக் கேட்டதும் பெருமையெல்லாம் எறங்கிப் போச்சு. "ஆராய்ச்சியக் கண்காணிக்கிற கமிட்டியில பேசிக்கிறாங்க, நீ யாரையும் கேக்காம ஒக்காந்த எடத்துலயே நம்பர் போட்டுட்டேன்னு. நான் நம்பல. ஆனா நான் நம்புறது போதாது. புதன்கெழம சிதம்பரத்துல கூட்டம். நீ வந்து பதில் சொல்லணும். சொல்ல முடியலேன்னா உன் பேர எடுத்துடுவாங்க. பொய்க் கணக்கு எழுதினவன்னு பேர் வந்துட்டா அப்பறம் எந்த ஆராய்ச்சியிலயும் உன்னச் சேத்துக்க மாட்டாங்க."

ஜான்சி ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா. அவளுக்குக் கோவம் வரும்னு பாத்தேன், வரல. "நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன் மேடம்"னு மட்டும் சொன்னா. "தெரியும்"னாங்க மேடம். அவுங்களும் பாவம், வேற இன்னா சொல்லுவாங்க?

மேடம் நேராப் போயி சுப்புராயன் படுக்கைகிட்ட நின்னாங்க. சுப்புராயன் ரிட்டயர்டு பஸ் கண்டக்டரு. கடலூர் சிதம்பரம் ரூட்டுல காலம் பூரா விசில் ஊதினவரு. எங்க வார்டுல அவரு வச்சதுதான் சட்டம். எல்லாருக்கும் பேரு வைப்பாரு, எல்லாரையும் சிரிக்க வைப்பாரு. மேடம் கேட்டாங்க, "ஒடம்புக்கு எப்படி இருக்கு ஐயா? அரிப்பு, பிடிப்பு ஏதாவது?"

"ஒண்ணியும் இல்லீங்க மேடம்! ஜம்முனு இருக்கேன். இந்தப் பாப்பா கை பட்டா நோய் ஏன் மேடம் நிக்கப் போவுது?" வாயெல்லாம் பல்லு. ஆனா நெத்தியில பொட்டுப் பொட்டா வேர்த்துக் கொட்டுது. போர்வைக்குள்ள ஒரு காலு மட்டும் வெடவெடன்னு ஆடுது. மேடத்துக்கு அது தெரியல, அவுங்க அவரு மொகத்தத்தான் பாத்தாங்க. பெருமூச்சு வுட்டுட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க.

அவுங்க கதவத் தாண்டினதும் சுப்புராயன் "ஐயோ"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, வார்டே ஆடிப் போச்சு. ஜான்சி ஓடினா. போர்வைய வெலக்கினா, கெண்டக்காலு கல்லு மாதிரி எறுகிக் கெடக்கு. காலு வெரல எல்லாம் மேல பாக்க மடக்கிப் புடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால, மெஷின் ஒடம்புலேர்ந்து தண்ணிய இழுக்கிற வேகத்தக் கொறச்சா. கொஞ்ச நேரத்துல எளகிடுச்சு. அவரு மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தாரு. ஜான்சி காலத் தடவி வுட்டுக்கிட்டே கேட்டா, "இவ்வளவு பிடிப்ப வச்சிக்கிட்டு ஏன் ஐயா ஒண்ணும் இல்லேன்னீங்க?"

"நீ பாஸ் ஆவ வேணாமா பாப்பா?"

ஜான்சிக்குப் புரியல. எனக்கும் புரியல. அந்த மனுசன் வெளக்கினாரு. "நீ பதியுற நம்பரெல்லாம் சிதம்பரத்துல அந்தம்மா செக்கிங்குக்குத்தான போவுது? பஸ்ல செக்கிங் ஏறினா நல்ல கண்டக்டர பாசஞ்சர் காட்டிக் குடுக்க மாட்டான். என்னைய எத்தன தடவ காப்பாத்தி வுட்டிருக்காங்க! நாங்க அரிக்குது வலிக்குதுன்னு சொன்னா, இந்த நர்சு செரியாப் பாத்துக்கலன்னு ஒன்னப் பத்தித்தான எழுதுவாங்க? அதான் எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிட்டேன், பாப்பா கேட்டா எல்லாத்துக்கும் ஜீரோ போடுன்னு."

சுத்திப் பாக்குறேன், அத்தன தலையும் ஆடுது. திருவதிகையிலேர்ந்து வர்ற அம்மா, "ஆமாம்மா, உனுக்கு நல்லது நடக்கட்டும்னுதான். எனக்கு அரிப்பு தாங்கல, இருந்தாலும் பல்லக் கடிச்சிக்கிட்டு ஜீரோதான் சொன்னேன்"னு பெருமையாச் சொல்லுது. அடப் பாவிங்களா!

"என்கிட்ட ஏன்யா சொல்லல கண்டக்டரே?"ன்னு நான் கத்தினேன்.

"ஒன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிடுமே, மங்கலம்."

எனக்கு வந்த கோவத்துக்குக் கையில ஊசி இல்லேன்னா எந்திரிச்சே போயிருப்பேன். படுத்துக்கிட்டே, அவள ஒழிச்சிக் கட்டிட்டீங்களேய்யா, பொய்க்கணக்கு எழுதினான்னு அவளத் தூக்கப் போறாங்கன்னு நான் காதால கேட்டதையெல்லாம் போட்டு ஒடச்சேன். சுப்புராயன் மொகம் செத்துப் போச்சு.

நான் ஜான்சியப் பாத்து, "மேடத்துக்கு இப்பவே போன் போடுடி, கண்டக்டரு பண்ண கூத்தச் சொல்லு"ன்னேன். அவ தலய ஆட்டினா. "அவரு பேரச் சொல்ல முடியாதுக்கா. நோயாளி சொன்னத வெளிய வுட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத்தான் ஆரம்பிச்சோம். அதுவும் இல்லாம, இது பரீச்ச இல்ல, உங்களுக்காகத்தான்னு நான் மொத நாளே நல்லா வெளங்கச் சொல்லியிருக்கணும். சொல்லல." அப்பறம் சுப்புராயன் போர்வைய இழுத்து வுட்டுட்டு, "நீங்க எம்மேல வச்ச பாசத்துக்கு நான் கோச்சிக்க முடியுமா ஐயா?"ன்னு கேட்டுட்டு அடுத்த படுக்கைக்குப் போயிட்டா. சத்தியமா சொல்றேன், என் வயித்துல பொறந்திருந்தா கூட அவகிட்ட நான் இவ்வளவு பாசம் வச்சிருப்பேனான்னு தெரியல.

செவ்வாக்கெழம சாயங்காலம் சுப்புராயன் எனக்கு போன் பண்ணாரு. எப்பவும் போல நக்கல் இல்ல. "நாளைக்கு சிதம்பரம் போவணும் மங்கலம். வாய் இருக்கிற ஆளு ஒண்ணு கூட வேணும்."

போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்னு அவரு விசில் ஊதின ரூட்டுதான். வெயிலு மண்டையப் பொளக்குது, எங்க ரெண்டு பேருக்கும் தண்ணி குடிக்கவும் வழியில்ல, ஒரு வாய்க்கு மேல போனா கிட்னி வெளிய தள்ளாது, நெஞ்சு அடைக்கும். எறங்கி ரெண்டு அடி வச்சவரு கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டாரு. மூச்சு எறைக்குது. "திரும்பிடலாம்யா"ன்னேன். "பேசாம வா"ன்னாரு.

காலேஜு வாசல்ல வாட்ச்மேன், யாரப் பாக்கணும்னான். "கமிட்டிய"ன்னேன். அப்பாயின்மென்ட் இருக்கான்னான். இருந்த வாய்க்கெல்லாம் அன்னைக்குத்தான் வேல வந்துச்சு. அவனே கொண்டு போயி ரூம் வாசல்ல வுட்டுட்டுப் போனான்.

கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. நீட்டு மேசை, அந்தாண்ட பெரிய பெரிய ஆளுங்க, ஓரத்துல லலிதாம்பிகை மேடம். இந்தாண்ட ஜான்சி மட்டும் தனியா நிக்கிறா. நடுவுல ஒக்காந்திருந்த பெரியவரு கேக்குறாரு, "ஒரு வருசமா கண்ணெதிர இருக்கிற நோயாளி பொய் சொல்றது ஒரு நர்சுக்குத் தெரியலேன்னா நம்புறதா?"

"தெரிஞ்சிருக்கணும் சார். சிரிச்ச மொகத்தப் பாத்து நம்பிட்டேன். அது என் தப்பு. அந்த ஒரு வருசப் பதில் எல்லாத்தையும் எடுத்துடுங்க, அத வச்சி யாருக்கும் மருந்து முடிவு பண்ணக் கூடாது. ஆனா நான் கேக்காம எழுதல."

"யாரு பொய் சொன்னது? பேரச் சொன்னா நாங்க விசாரிக்கலாமே."

"பேரு சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப உன்ன எப்படிம்மா நம்புறது?"

அவ தல குனியல. அதுக்குள்ள சுப்புராயன் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

"நான்தாங்க அது. சுப்புராயன், ரிட்டயர்டு கண்டக்டர். எல்லாருகிட்டயும் சொல்லி ஜீரோ போட வச்சது நான்தான். செக்கிங்குன்னு நெனச்சிட்டேன். இந்தப் பாப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. இப்ப உண்மையச் சொல்றேன், எழுதிக்குங்க." மேசையப் புடிச்சிக்கிட்டாரு. "எனக்கு அரிப்பு பத்துங்க. கதவு நெலையில முதுகத் தேச்சித் தேச்சி ரத்தம் வந்துடும். சொறியுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு எம் பொண்டாட்டிய வேற ரூம்புல படுக்கச் சொல்லிட்டேன், அவ நான் அவள வெறுத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. மல்லாந்து படுக்க முடியல, செவுத்துல சாஞ்சி ஒக்காந்துதான் கண்ண மூடுறேன். போன மாசம், இனிமே டயாலிசிசுக்கே போவ வேணாம், போதும்னு முடிவு பண்ணிட்டேன். அப்பறம், நான் வரலேன்னா பாப்பா ஆராய்ச்சியில ஒரு ஆளு கொறையுமேன்னுதான் வந்தேன்."

எனக்குக் கண்ணு மறைச்சிடுச்சு. அத்தன நாளு எங்களச் சிரிக்க வச்ச மனுசன்யா அது! லலிதாம்பிகை மேடம் எந்திரிச்சி வந்து தன்னோட நாற்காலிய அவருக்குப் போட்டாங்க. ஜான்சி அதுக்குள்ள அவரு கால்மாட்டுல மண்டி போட்டுட்டா. வேட்டிய ஒதுக்கி, கணுக்கால்ல கட்டவிரல வச்சி அமுக்கினா. அமுக்கின எடம் குழியா அப்படியே நிக்குது.

"எத்தன நாளா ஐயா படுக்க முடியல?"

"ரெண்டு மூணு வாரமா, பாப்பா."

அவ எந்திரிச்சிட்டா. "மேடம், நாளைக்கு வரைக்கும் தாங்காது. ஒடம்பு பூரா தண்ணி கட்டிக்கிட்டிருக்கு. இங்க எங்கயாவது இப்பவே மெஷின் கெடைக்குமா?" மேடம் அந்த நிமிசமே போன எடுத்துட்டாங்க. நடுவுல இருந்த பெரியவரு, "ஏம்மா, கூட்டம் இன்னும் முடியல, உன் விசயத்துல முடிவு சொல்ல வேணாமா?"ன்னாரு. அவரு கோவமாச் சொல்லல.

"நீங்க முடிவு பண்ணுங்க சார். நான் அப்பறம் கேட்டுக்கிறேன்"னுட்டு, சுப்புராயன் கைய எடுத்துத் தன் தோள்ல போட்டுக்கிட்டா. இன்னொரு கைய நான் புடிச்சிக்கிட்டேன். வாசல்ல ஆட்டோவ மறிச்சதும் அவதான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில மெஷின் ஓட ஆரம்பிச்சி ரொம்ப நேரம் கழிச்சி லலிதாம்பிகை மேடம் வந்தாங்க. அந்த அளந்து பேசுற அம்மாவுக்கு மூச்சு வாங்குது. "ஜான்சி, பழைய பதில் எல்லாத்தையும் எடுத்தாச்சு. உன் பேரு அப்படியே இருக்கு, என் பேருக்குப் பக்கத்துலயே. முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க." நான் குதிக்காத கொறதான். ஜான்சி தலய மட்டும் ஆட்டினா. அவ கண்ணு மெஷின் மேலயும் அந்த மனுசன் நெஞ்சு ஏறி எறங்குறது மேலயும்தான் இருந்துச்சு.

ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டு அவரு காதுகிட்ட குனிஞ்சா. "ஐயா, இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

சுப்புராயன் பழக்க தோசத்துல சிரிக்கப் பாத்தாரு. அப்பறம் சிரிப்ப வுட்டுட்டாரு. "கஷ்டமாத்தான் இருக்கு பாப்பா. பயமாவும் இருக்கு."

"சரி ஐயா. சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்"னா ஜான்சி. அவ கண்ணுலேர்ந்து தண்ணி எறங்கி தாடையில நிக்குது. அதத் தொடைக்கக் கூட இல்ல, அவரு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தா.